வரவுக்கு வழக்கம் உண்டு, செலவுக்கு இல்லை: நங்கநல்லூர் கொலு ஒன்றின் ஓராண்டு

வீடும் கொலுவும்

நங்கநல்லூரில் எண்பதுகளின் தொடக்கத்தில் கட்டிய ஒரு தனி வீடு. அதைப் பில்டரிடம் கொடுத்து அடுக்குமாடி ஆக்குவது என்று முடிவாகி, கட்டி முடியும்வரை இருக்க இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை ஃபிளாட்டும் பார்த்துவிட்டார்கள். தை பிறந்ததும் குடிபோவதாகத் திட்டம். எழுபதைக் கடந்த மாமியார், மகன், வேலைக்குப் போகும் மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி என்று நான்கு பேர். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான்களைப் பிரித்து ஒழுங்கு செய்து கொடுப்பது என் தொழில் என்பதால் மருமகள் கூப்பிட்டார். பீரோ, கட்டில் பற்றியெல்லாம் அவருக்குக் கவலை இல்லை. “எங்க அத்தையோட கொலுவ என்ன பண்றதுன்னுதான் தெரியல” என்றார்.

ஒன்பது படிக் கொலு. பொம்மைகள் 300-க்கு மேல். ஒரு படிக்கு 10 அங்குலம் என்று வைத்தாலும் ஒன்பது படிக்குத் தரையில் ஏழரை அடி வேண்டும். அந்த வாடகை ஃபிளாட்டின் ஹால் 10-க்கு 14 அடி. சோபாவும் டிவியும் சாப்பாட்டு மேஜையும் போக, தாம்பூலத்துக்கு வருகிறவர்கள் உட்காரவும் இடம் வேண்டும். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஐந்து படிக்கு மேல் தேறாது.

கொலு வைக்கிற வீடுகளில் பொம்மை சேர்வதற்கு வழக்கம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்க வேண்டும். கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து மரப்பாச்சி ஜோடி வரும். காஞ்சிபுரம் போனால் ஒன்று, மதுரை போனால் விளாச்சேரியிலிருந்து ஒன்று, ஒன்றுமில்லாவிட்டால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பேரம் பேசி ஒன்று. ஆனால் வீட்டில் இருக்கும் பொம்மை வெளியே போவதற்கு வழக்கம் எதுவும் கிடையாது. கை கால் உடைந்தால்தான் போகும். நாற்பது வருடம் வரவு மட்டுமே எழுதிய கணக்கு நோட்டு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த வீட்டுப் பரண். இந்த ஆய்வில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது, அந்த நோட்டில் செலவுப் பக்கத்தை அந்தக் குடும்பம் எப்படித் திறந்தது என்பதைத்தான்.

எப்போது குறைப்பது

மருமகள் என்னைக் கூப்பிட்டது 2024 செப்டம்பரில், கொலுவுக்கு முன்பு. இந்த வருடமே ஐந்து படியாக வைத்துவிடலாம், மீதியைப் பரணிலேயே விட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்பது படியும் வையுங்கள், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் இறக்குங்கள், குறைப்பதைக் கொலு எடுக்கிற அன்றைக்கு வைத்துக்கொள்வோம் என்றேன்.

கொலு வைக்கிற நாளில் யாருக்கும் எதையும் கழிக்க மனம் வராது. மகாளய அமாவாசை அன்று படி கட்டி, கலசம் வைத்து, மறுநாள் காலைக்குள் எல்லாம் நின்றாக வேண்டும். அந்த அவசரத்தில், கையில் வந்த பொம்மையை எங்கேயாவது செருகத்தான் தோன்றும். எடுக்கிற நாள் வேறு மாதிரி. ஒன்பது நாள் பார்த்தாகிவிட்டது. எந்தப் பொம்மையின் முன்னால் ஆட்கள் நின்றார்கள், எது மூன்று பொம்மைக்குப் பின்னால் மறைந்தே கிடந்தது என்று வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரியும். உடம்பில் அலுப்பும் இருக்கும். கழிப்பதற்கு அந்த அலுப்பு நல்ல துணை.

அந்த நாளை விட்டால் மறு புரட்டாசிவரை பெட்டியை யாரும் தொடப்போவதில்லை. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது பரணின் வாசலைத்தான் துடைப்பார்கள். போகியில் கழிப்பது பாயும் துடைப்பமும் கிழிந்த தலையணையும். கட்டிவைத்த கொலுப் பெட்டியை எந்தப் போகியும் அசைத்ததில்லை.

2024-இல் இன்னொரு கணக்கும் இருந்தது. அந்த வருடம் விஜயதசமி அக்டோபர் 12, சனிக்கிழமை. இரவு ஆரத்தி எடுத்து, கொலு முடிந்ததன் அடையாளமாக மரப்பாச்சியைப் படுக்க வைத்தார்கள். மறுநாள் ஞாயிறு, எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அந்த முறை 15-ஆம் தேதியே சென்னைப் பள்ளிகளுக்கு மழை விடுமுறை விட்டுவிட்டார்கள். பக்கத்து வேளச்சேரியில் கார்களையெல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பொம்மையைக் காய்ந்த காற்றில் கட்டுவதற்கும் ஈரக் காற்றில் கட்டுவதற்கும் இருக்கிற வித்தியாசம் ஒரு வருடம் கழித்துப் பெட்டியைத் திறக்கும்போது தெரியும். ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிடாமல் முடித்தது பெரிய உதவியாகப் போயிற்று.

பரணில் என்ன இருந்தது

பொம்மைகளை இறக்கும்போதே நானும் கூட இருந்து, ஒவ்வொரு பெட்டியும் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். சமையலறைக்கு மேலே இருந்த பரண் அது. கீழே அடுப்பு. எண்ணெய்ப் புகையும் சூடும் நேராக மேலே போகும். முன்பு பொம்மைகள் தரையில் டிரங்குப் பெட்டியில்தான் இருந்திருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, அடியில் இருந்த காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ் பொம்மைகள் மறுபடியும் கூழாகவே ஆகிவிட்டன. அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

அட்டைப்பெட்டிகளில் பாதிக்குப் பாதி பொம்மையே இல்லை. எனக்கே அதைப் பார்த்து வியப்புதான். வருடா வருடம் வாங்கிய பிளாஸ்டிக் பூத்தோரணம், தெர்மாகோல் வளைவு, ஜிகினா ஒட்டிய தாமரை, நான்கைந்து சீரியல் செட், டிவி வாங்கியபோது வந்த அட்டை, எப்போதோ வந்த பொம்மையின் காலிப் பெட்டி. சீரியல் செட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. பிரித்துப் போட்டுப் பார்த்ததில் எரிந்தவை இரண்டு. பேட்டரியில் எரிகிற சின்ன விளக்குகளில் பேட்டரியை எடுக்காமலே வைத்திருந்ததால் உள்ளே பச்சை பூத்து, கம்பியை அரித்திருந்தது.

பொம்மைகளுக்கு ஏற்பட்ட சேதத்தில் பெரும்பகுதியைச் செய்தது காலமோ எலியோ இல்லை. பத்திரப்படுத்த என்று வாங்கிய பொருள்களே செய்திருக்கின்றன. கல்யாண செட்டில் இருந்த தவில்காரரை எடுத்துப் பார்த்தேன். முதுகு முழுக்க வட்ட வட்டமாகத் தடம். பபிள் ரேப்பை நேராக வர்ணத்தின் மேல் சுற்றி, மே மாதச் சூட்டில் பரணில் வைத்தால் அந்தக் குமிழ் ஒவ்வொன்றும் அப்படியே பதிந்துவிடும். நாதஸ்வரக்காரரின் கழுத்தில் ரப்பர் பேண்ட் இளகி, காய்ந்து, தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. உரித்தால் வர்ணமும் சேர்ந்து வருகிறது. செட்டியார் பொம்மையின் வெள்ளை வேட்டியில் செய்தித்தாள் மை ஏறியிருந்தது. கண்ணாடியில் காட்டினால் தலைப்பையே வாசிக்கலாம் போல. ஒரு தெர்மாகோல் பெட்டியில் அந்துருண்டை போட்ட மூலையெல்லாம் குழிகுழியாகக் கரைந்து போயிருந்தது. நாப்தலின் ஆவிக்குத் தெர்மாகோல் தாங்காது. அந்த இளகல் பொம்மையின் காலிலும் ஒட்டியிருந்தது.

பூச்சி வந்த வழியும் அந்தச் செட்டியாரிடம்தான் இருந்தது. அவருடைய கடை முன்னால் வைக்கிற குட்டித் தட்டுகளில் அரிசி, துவரம்பருப்பு, உளுந்து என்று நிரப்புவார்கள் அல்லவா? கொலு முடிந்ததும் தட்டைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அப்படியே பெட்டியில் போட்டிருக்கிறார்கள். ஒரு தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த நான்கு அரிசி போதும். பெட்டி முழுக்க வண்டு. பக்கத்தில் இருந்த காகிதக்கூழ் பொம்மையின் அடிப்பாகத்தை ராமபாணப் பூச்சி அரித்து, உள்ளே பழைய நோட்டுப் புத்தகக் காகிதம் தெரிந்தது.

கதை கேட்டுப் பிரித்தது

ஞாயிறு காலை முதல் வேலையாக, ஒவ்வொரு படியையும் நேர் எதிரே நின்று பேத்தி போட்டோ எடுத்தாள். பிறகு படியிலிருந்து இறக்கி, தரையில் விரித்த பழைய வேட்டிகளின் மேல் பரப்பினோம். எத்தனை வைத்துக்கொள்ளலாம், எத்தனை போகலாம் என்று எண்ணிக்கையில் பேச்சைத் தொடங்கியிருந்தால் மத்தியானத்துக்குள் சண்டை வந்திருக்கும். இந்த வேலையில் எண்ணிக்கை சொல்லிக் கழிக்கச் சொல்கிறவர்கள் நிறைய. கொலு வீட்டில் அது நடக்காது என்பது என் அபிப்பிராயம். மாமியாரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: “இது எப்படிம்மா வந்துச்சு?”

பதில் சொல்லச் சொல்ல மருமகள் சின்னச் சீட்டில் எழுதிப் பொம்மையின் அடியில் வைத்தார். பதில் தெரியாத பொம்மை சீட்டில்லாமல் நின்றது. அவ்வளவுதான் முறை. மத்தியானம் சாப்பிட எழுந்தபோது சுமார் மூன்றில் ஒரு பங்கு சீட்டில்லாமல் இருந்தது. யாரோ கொடுத்தது, எந்தக் கடையிலோ செட்டாக வாங்கியதில் மிஞ்சியது, ஒன்று போல இன்னொன்று. பிள்ளையார் மட்டும் பத்துக்கு மேல். தசாவதாரம் மூன்று செட். ஒன்றில் கல்கி இல்லை, இன்னொன்றில் வராகரும் வாமனரும் இல்லை. இருக்கிறதைச் சேர்த்து முழு செட் ஆக்கிவிடலாமே என்றார் மகன். “மீன் அரை அடி, நரசிம்மர் கால் அடியா? பார்க்கிறவங்க சிரிப்பாங்கடா” என்று மாமியார் அதை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ரசனை விஷயத்தில் அந்த வீட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை.

விலை அதிகமான பொம்மையை விடத்தான் தயங்குவார் என்று மருமகள் எதிர்பார்த்திருந்தார். நடந்தது நேர்மாறு. பெரிய கண்காட்சியில் சில ஆயிரம் கொடுத்து வாங்கிய அறுபடைவீடு செட்டை, யாருக்காவது பிடித்தால் கொடுத்துவிடலாம் என்றார். மூக்கு தேய்ந்த பண்ருட்டிக் களிமண் தயிர்க்காரியைக் கையிலிருந்து வைக்கவே இல்லை. கல்யாணமான புதிதில், மாமியார் கொடுத்த காய்கறிக் காசில் மிச்சம் பிடித்து வாங்கியது அது. மகன் பள்ளிக்கூட நாளில் அடம்பிடித்து வாங்கிய கிரிக்கெட் செட்டுக்கும் சீட்டு விழுந்தது, அதில் விக்கெட் கீப்பருக்குக் கை இல்லாதபோதும்.

சீட்டு விழுந்தவற்றையும் அப்படியே வைக்க ஐந்து படி போதாது. அவற்றை இரண்டாகப் பிரித்தோம். மரப்பாச்சி, கலசம் வைக்கிற பழைய செம்பு, பிறந்த வீட்டுக் காமாட்சி, செட்டியார் ஜோடி, தயிர்க்காரி போன்றவை எல்லா வருடமும் படியேறும். கல்யாண செட், ராமர் பட்டாபிஷேகம், ஊர்வலம் போன்ற பெரிய செட்டுகள் வருடம் ஒன்றாக மாறி மாறி வரும். அதற்கு மாமியார் உடனே தலையாட்டினார். ஒரே செட்டை வருடா வருடம் பார்த்து வருகிறவர்களுக்கும் சலித்திருக்கும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது.

சீட்டில்லாத சாமி பொம்மைகளில்தான் வேலை நின்றது. “சாமிய எப்படி வெளிய அனுப்புறது?” அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. விற்பதும் தவறு, அரசமரத்தடியில் வைப்பதும் தவறு. அரசமரத்தடியைப் பற்றி நானும் பேசினேன். அங்கே வைக்கிற பொம்மை மழையில் நனைந்து, நாய் உருட்டி, கடைசியில் குப்பை வண்டியில்தான் போகிறது. ஏரியில் விடுவதும் சரியில்லை. வர்ணம் பூசாத பச்சைக் களிமண்ணாக இருந்தால் வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். எனாமல் அடித்ததும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்ததும் கரையாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், தெர்மாகோல் சிலைகளே வேண்டாம் என்றுதான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் திருத்திய வழிகாட்டுதலில் சொல்கிறது.

வழி சொன்னது மாமியாரேதான். “வெத்தல பாக்கோட வெச்சுக் கொடுத்தா அது கழிக்கிறது இல்லையே.” கொலுவுக்கு வருகிற சுமங்கலிக்கும் கன்னிப் பெண்ணுக்கும் தாம்பூலத்தோடு ஏதாவது கொடுக்கிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தட்டில் ரவிக்கைத் துணிக்குப் பதில் பொம்மை இருக்கட்டும் என்றார். எங்கள் யாருக்கும் தோன்றாத யோசனை அது. கொலுவின் சம்பிரதாயத்துக்கு உள்ளேயே ஒரு வெளிவாசல் கிடைத்தது.

தாம்பூலத்தில் வந்தவை

அந்த ரவிக்கைத் துணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொலு முடிந்த வீட்டில் பொம்மையைவிடப் பெரிய குவியல் அதுதான். அந்த ஒன்பது நாளில் போன வீடுகளிலெல்லாம் வாங்கி வந்தவை: ரவிக்கைத் துணி, பிளாஸ்டிக் டப்பா, குட்டிச் சீப்பும் கண்ணாடியும், குங்குமச் சிமிழ், பித்தளை முலாம் பூசிய எதுவோ ஒன்று, தேங்காய். ரவிக்கைத் துணியை யாரும் தைத்துப் போடுவதில்லை. முக்கால் மீட்டர், ஒரு கைக்குப் போதாது, தண்ணீர் பட்டால் சாயம் ஓடும். அது வீடு வீடாகச் சுற்றி வருவதற்கென்றே பிறந்த துணி. இந்த வீட்டு பீரோவில் ஒரு தட்டு முழுக்க அது இருந்தது. அதில் ஒன்று இவர்களே கொடுத்து இவர்களிடமே திரும்பி வந்தது. மடிப்பில் மாமியார் போட்ட பென்சில் குறி அப்படியே இருந்தது.

தேங்காயைப் பற்றிக் கவலையில்லை, துருவி உறைய வைத்தார்கள். நன்றாக இருந்த துணிகளை மருமகள் தெரிந்த தையற்காரப் பெண்ணிடம் கொடுத்தார். அவர் அவற்றைப் பைகளாகத் தைத்துத் தந்தார். அடுத்த வருடத் தாம்பூலத்துக்கு அந்தப் பைகள்தான். பிளாஸ்டிக் டப்பாக்களில் மூடி பொருந்தியவை சமையலறைக்குப் போயின, மற்றவை பழைய சாமான் கடைக்கு. தோரணம், தெர்மாகோல், ஜிகினா வகையில் ஒன்றைக்கூட வைக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இதில் மட்டும் யோசிக்கவே வேண்டியதில்லை. மாவிலையும் பூச்சரமும் கிடைக்கிற ஊரில் பிளாஸ்டிக் பூவைப் பதினொரு மாதம் பத்திரப்படுத்துவது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கட்டி வைத்த விதம்

வர்ணத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கவில்லை. பழைய பொம்மைகளில் பல நீர்வர்ணம். ஈரத்துணி பட்டாலே கண்மை கன்னத்துக்கு வரும். பெயின்ட் அடிக்கிற மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, மின்விசிறிக் காற்றில் வைத்தோம். வெயிலில் வைக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அம்மா. வெயில் வேண்டாம் என்றேன். காகிதக்கூழ் சட்டென்று சுருங்கினால் மேல்பூச்சு வெடிக்கும்.

சுற்றுவதற்கு, பல முறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டியும் உள்பாவாடைத் துணியும். கஞ்சி போட்டது ஆகாது, கஞ்சிக்கும் பூச்சி வரும். துணிக்கு மேலே வேண்டுமானால் பபிள் ரேப். அதுவும் குமிழ்ப் பக்கம் வெளியே பார்த்து. ரப்பர் பேண்டுக்குப் பதில் வேட்டியிலிருந்தே கிழித்த நாடா. நீட்டிய கை, வேல், குடை போன்ற ஒடிகிற இடங்களில் முதலில் பஞ்சைச் சுற்றி, பிறகு முழுப் பொம்மையையும் சுற்றினோம். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து பெட்டிக்கு ஒன்று. நன்றாகக் காய்ந்த வேப்பிலை போடலாம். அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டால் பூஞ்சணம்தான் மிச்சம். அந்துருண்டையை முழுக்க நிறுத்திவிட்டோம். ஈரம் இழுக்கிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை, செருப்புப் பெட்டியிலும் கைப்பையிலும் வருபவற்றை எல்லாம் பேத்தி சேர்த்து வைத்திருந்தாள். அவையும் பெட்டிகளுக்குள் போயின.

இதுவரை அந்த வீட்டில் பெட்டி கட்டியது அளவை வைத்து: பெரியதெல்லாம் ஒரு பெட்டி, சின்னதெல்லாம் ஒரு பெட்டி. அதனால்தான் வருடா வருடம் எல்லாப் பெட்டியையும் பிரித்துப் போட்டால்தான் முதல் படியே நிரம்பும். இந்த முறை படி வாரியாகக் கட்டினோம். முதல் படிப் பெட்டி, இரண்டாம் படிப் பெட்டி என்று வரிசை. காலையில் எடுத்த அந்தந்தப் படியின் போட்டோவை அச்செடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினோம், மூடியில் இல்லை. பரணில் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் மூடி கண்ணுக்குத் தெரியாது. மாறி மாறி வரும் செட்டுகளின் பெட்டியில் எந்த வருடம் வரவேண்டும் என்று எழுதினோம். செட்டியாரின் தட்டுகளைக் கழுவி, வெயிலில் காயவைத்து, தனி டப்பாவில் போட்டோம்.

வாடகை ஃபிளாட்டில் மூன்று இடத்தில் பரண் இருந்தது. சமையலறைப் பரணையும் குளியலறைச் சுவரை ஒட்டியதையும் தவிர்த்து, படுக்கையறையில் உட்சுவரை ஒட்டிய பரணை எடுத்துக்கொண்டோம். ஒன்பது படி இரும்பு ஸ்டாண்டை, நட்டு போல்ட்டைத் தனிப் பையில் கட்டி, பேத்தி படிக்கும் கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். அங்கே மேஜையை அடுக்கித்தான் கொலு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் இருக்கிற மாமியாரின் மகளுக்கு மரப்பாச்சி ஒன்று அனுப்பலாமா என்று நடுவில் ஒரு பேச்சு வந்தது. மரப்பாச்சி செம்மரம், செம்மரத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் கட்டுப்பாடுகள் உண்டு. சுங்கத்தில் நின்று பதில் சொல்வது யார் என்று அந்தப் பேச்சு அப்படியே அடங்கிவிட்டது.

அடுத்த புரட்டாசி

2025-இல் மகாளய அமாவாசை செப்டம்பர் 21, ஞாயிறு. வாடகை ஃபிளாட்டில் முதல் கொலு. பெட்டிகள் வரிசைப்படி இறங்கின, போட்டோவைப் பார்த்துப் பேத்தியும் அவள் தோழியும் அடுக்கினார்கள். முந்தைய வருடங்களில் நள்ளிரவுவரை இழுக்கிற வேலை விளக்கேற்றும் நேரத்துக்குள் முடிந்துவிட்டதாக மருமகள் சொன்னார். பொம்மைகளில் புதிதாகத் தடம் எதுவும் இல்லை. ஒரு பெட்டியில் மட்டும் லேசாக வாடை. வசம்பு முடிச்சு போட மறந்த பெட்டி.

பார்வைக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்து படியில் பொம்மைகளுக்கு நடுவே முதல்முறையாகத் துணி தெரிந்தது. உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால் என்ற பழைய விதிதான். ஆனால் ஒரு படிக்கு ஒரே வரிசை, அதிகம் போனால் இரண்டு. படி முழுக்க வெளிர்சந்தன நிறத்தில் ஒரே துணி. மினுக்கி அணைகிற சீரியல் செட் இல்லை. கீழிருந்து ஒரே ஒரு மஞ்சள் விளக்கு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. படிகளுக்குக் கீழே, முன்பு பொம்மைப் பார்க் இருந்த இடத்தில் தட்டில் முளைகட்டிய வெந்தயமும் கேழ்வரகும் பச்சைப் பசேலென்று நின்றன. அதில் மூன்று மாடும் ஒரு தயிர்க்காரியும் மட்டும். முன்பு இதே தயிர்க்காரி ஏழாம் படியில் பேருந்துக்கும் தாஜ்மஹாலுக்கும் நடுவில் நின்றிருந்தவள். வந்தவர்களில் பலர் அவளைப் புதுப் பொம்மை என்றே நினைத்தார்கள்.

கொடுக்க வேண்டியவை என்று எழுதியிருந்த இரண்டு பெட்டிகளில் நடந்தது கலவையானது. முதல் நாள் வந்த உறவுக்காரப் பெண்மணிக்குத் தாம்பூலத்தோடு ஒரு லட்சுமியைக் கொடுத்தபோது முகம் மாறிவிட்டது. “எங்க வீட்லயே வைக்க இடமில்ல அத்தை, நானே யாருக்குக் கொடுக்கலாம்னு பார்த்துட்டிருக்கேன்.” வாங்காமல் போவது மரியாதையில்லை என்று வாங்கிக்கொண்டு போனார். இந்த வீட்டுப் பாரம் அந்த வீட்டுக்கு இடம் மாறியதுதான் லாபம். இரண்டாம் நாளிலிருந்து மருமகள் முன்கூட்டியே கேட்க ஆரம்பித்தார்: உங்கள் வீட்டில் யாராவது புதிதாகக் கொலு வைக்கத் தொடங்குகிறார்களா? அப்படிக் கேட்டபோது ஆள் கிடைத்தது. மாடி வீட்டில் புதுமணத் தம்பதி முதல்முறையாக மூன்று படி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு முழு தசாவதார செட்டும் அறுபடைவீடும் போயின. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் மகள் பிள்ளையாரும் சரஸ்வதியும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெங்களூரில் இருக்கிற மூத்த மகள் எடுத்துப்போனது கொண்டபள்ளி, சென்னபட்டணா மரப் பொம்மைகளை மட்டும்; சூட்கேசில் உடையாது, கனமும் இல்லை.

2025-இல் விஜயதசமி அக்டோபர் 2, வியாழன். வெள்ளிக்கிழமை கொலு எடுக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டதால் சனிக்கிழமை எடுத்தார்கள், நான் இல்லாமலே. மருமகள் அனுப்பிய படங்களில் பெட்டிகள் சரியாகவே இருந்தன. கொடுக்க வேண்டியவை பெட்டி இரண்டிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. கல்கி இல்லாத தசாவதாரம் அதில்தான் இன்னும் கிடக்கிறது. குறையுள்ள செட்டைத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்க மாமியாருக்கு மனமில்லை. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் அதே அளவில் ஒரு கல்கி மட்டும் செய்து தருவார்களா என்று கேட்டு வரச் சொல்லி மகனிடம் போட்டோ கொடுத்திருக்கிறார். அந்த வருடப் புதுப் பொம்மையாக ஒன்று வாங்கினால் போதும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தும், அவர் மட்டும் இரண்டு வாங்கியிருக்கிறார். இரண்டுக்கும் சீட்டு எழுதிவிட்டதாக மருமகள் சொன்னார்.